இரண்டாம் வகுப்பில் என்ன நடக்கிறது?

சர்வகலாசாலைகளைப் பற்றி நம்மவர் பேசாத நாளில்லை. வைத்தியப் படிப்புக்கு எத்தனை இடம், பொறியியற் படிப்புக்கு எத்தனை இடம் என்பது தெருத் திண்ணைகளிலும் விவாதிக்கப்படுகிறது. ஆனால் ஏழு வயதுக் குழந்தை இரண்டாம் வகுப்பில் அமர்ந்து என்ன கற்கிறது என்று கேட்பார் அரியர். அவ்வகுப்பில் ஓராண்டை இழந்த பிள்ளை, பின்வரும் ஆண்டுகளை அவ்விழப்பைத் துரத்துவதிலேயே கழிக்கிறது. ஆகவே இன்று நாம் அச்சிறு வகுப்பைப் பற்றியே எழுத முற்பட்டோம்.

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தின்படி இவ்வகுப்புக்கு உரிய பாடங்கள் தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல் என நான்கு. பெயர்தான் நான்கு, உண்மையில் பிள்ளை கற்க வேண்டுவது ஒன்றே. கண்ணால் கண்ட குறியைப் பொருளாக மாற்றும் வித்தை அது. அது கைவந்தால் நான்கும் வரும். வாராவிடில் ஒன்றும் வாராது.

தமிழை எடுத்துக் கொள்வோம். முதல் வகுப்பில் உயிரும் மெய்யும் அறிமுகமாகின்றன. அவை கூடிப் பிறக்கும் 216 உயிர்மெய்களையும் தடுமாற்றமின்றிப் படிக்கும் பருவம் இரண்டாம் வகுப்பு. பெரியவர்களாகிய நமக்கு இது அற்பமாகத் தோன்றலாம். 'கொடி' என்னும் சொல்லைப் பார்க்கும் குழந்தையின் கண்ணோ முதலில் கொம்பைக் காண்கிறது, பிறகு ககரத்தை, பிறகு காலை. ஆனால் நாவு ககரத்தில் தொடங்கி ஒரே மூச்சில் 'கொ' என்று சொல்ல வேண்டும். கண் செல்லும் வழி வேறு, நாச் செல்லும் வழி வேறு. 1978-ம் வருஷத்து எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா முதலியவற்றின் பழைய வடிவங்களை மாற்றிச் சுமையைச் சிறிது குறைத்தது. உகர, ஊகார வரிசைகளோ இன்றும் எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறியே நிற்கின்றன. அவற்றைப் பழக்கத்தாலன்றி விதியால் கற்பிக்க இயலாது.

இதனோடு மற்றொரு தடையும் உண்டு. வீட்டில் 'மழ வந்துச்சு' என்று பேசிய குழந்தை, புத்தகத்தில் 'மழை வந்தது' என்று காண்கிறது. இரண்டும் ஒன்றே என்று எவரேனும் அன்போடு எடுத்துரைக்க வேண்டும். தெலுங்கோ, கன்னடமோ, மலைவாழ் மக்களின் மொழியோ பேசும் வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கும், வட மாகாணங்களிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைக்கும் இத்தடை இரு மடங்கு.

கணக்கிலோ நம் மொழியே நமக்கு ஆசிரியராக நிற்கிறது. இருபத்து மூன்று என்றால், இரண்டு பத்தும் மூன்றும் என்பது அச்சொல்லிலேயே அடங்கியிருக்கிறது. பதினொன்று என்னும்போதே பத்தும் ஒன்றும் காதில் விழுகின்றன. 'இலெவன்', 'டுவெல்வ்' என்னும் ஆங்கிலச் சொற்களில் பத்தின் சாயலும் இல்லை. 'தர்ட்டீன்', 'தர்ட்டி' இரண்டையும் மாற்றிச் சொல்லாத குழந்தை அபூர்வம். நம் மொழியிலும் ஒரு வழுக்கல் உண்டென்பதை மறைப்பதற்கில்லை: எண்பதுக்குப் பின் வருவது நூற்றின் பெயரை முன்கூட்டியே எடுத்துக்கொண்டு தொண்ணூறு என்று நிற்கிறது. அதைத் தவிர்த்தால், இடமதிப்பு என்னும் பெரிய தத்துவத்தைத் தமிழ்க் குழந்தை பேச்சோடு பேச்சாகவே பெறுகிறது. சர்க்கார் பள்ளிகளிலும் 2012-13-ம் கல்வியாண்டு முதல் ஆங்கில வழி வகுப்புகள் பெருகியுள்ள இக்காலத்தில், இவ்வனுகூலத்தை எத்தனை பெற்றோர் எண்ணிப் பார்த்தார்கள்? ஆங்கிலம் வேண்டாமென்பது நமது வாதமன்று. அதை ஒரு பாடமாகக் கற்கட்டும். ஆனால் எண்ணத் தொடங்கும் குழந்தைக்கு அறிந்த வாசலை அடைத்து அறியாத வாசலைத் திறப்பானேன்?

கழித்தலுக்கு வருவோம். 52-லிருந்து 27-ஐக் கழிக்கையில் 'பக்கத்தில் கடன் வாங்கு' என்று சொல்லித் தருவது நெடுநாள் வழக்கம். வாங்கிய கடனை எப்போது திருப்பித் தருவது என்று ஒரு பிள்ளை கேட்டால் நாம் விழிக்கத்தான் வேண்டும்! அங்கே நடப்பது கடனுமன்று, வட்டியுமன்று. பத்தின் கட்டு ஒன்றை அவிழ்ப்பதே. ஈர்க்குகளைப் பத்துப் பத்தாகக் கட்டிக் கையில் கொடுத்து ஒரு கட்டை அவிழ்க்கச் சொன்னால், அரை மணி நேரத்தில் விளங்கும் விஷயம் இது.

சூழ்நிலையியல் என்பது குடும்பம், உணவு, நீர், செடி கொடி, பிராணிகள் ஆகியவற்றைப் பற்றியது. பள்ளிக்கு வெளியே உள்ள வேப்ப மரமே இதற்குப் போதிய புத்தகம்.

இப்பாடங்களே போதுமானவை. 2018-ம் வருஷத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுக்குப் பின் மத்திய சர்க்கார் விடுத்த சுற்றறிக்கை, முதல் இரண்டு வகுப்புகளுக்கு மொழியும் கணக்கும் அன்றி வேறு பாடம் விதிக்கலாகாது, வீட்டுப்பாடம் கூடாது, புத்தகப் பை ஒன்றரைக் கிலோவுக்கு மேற்படலாகாது என்றது. அதன் பின்னரும் பொது அறிவு, கம்ப்யூட்டர் என்று புத்தகம் விற்கும் தனியார் பள்ளிகள் இல்லாமலில்லை. பட்டியல் நீண்டால் படிப்பு உயர்ந்ததென்று பெற்றோரும் மகிழ்கிறார்கள்.

பலன் என்ன? பிரதம் என்னும் தொண்டு ஸ்தாபனம் 2005 முதல் இந்தியக் கிராமங்களில் வீடு வீடாகச் சென்று பிள்ளைகளின் வாசிப்பைச் சோதித்து வருகிறது. அச்சோதனையின் மேல்படி, இரண்டாம் வகுப்புத் தரத்தில் அமைந்த ஒரு சிறு கதையே. மூன்றாம் வகுப்பில் பயிலும் சர்க்கார் பள்ளிப் பிள்ளைகளுள் அக்கதையைப் படிக்க வல்லவர் 2022-ல் தேச முழுதும் 16.3 சதவீதம், 2024-ல் 23.4 சதவீதம். ஏற்றம் உண்மையே. எனினும் நால்வரில் மூவர் இரண்டாம் வகுப்பைக் கடந்தும் அதன் பாடத்தைப் படிக்க அறியார் என்பதே இதன் பொருள்.

கொள்ளை நோயால் பள்ளிகள் மூடிக் கிடந்த இழப்பை ஈடு செய்யத் தமிழ்நாட்டில் 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கிற்று. வயதுக்கு ஏற்றபடியன்றி அறிந்த அளவுக்கு ஏற்றபடி அரும்பு, மொட்டு, மலர் எனப் பிள்ளைகளைப் பிரித்துக் கற்பிக்கும் அம்முறை நல்லதே. ஆனால் ஒரே அறையில் மூன்று நிலைப் பிள்ளைகளைக் கவனிக்க ஆசிரியருக்கு நேரம் வேண்டும். 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம், 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் என்று வகுத்தது. வகுப்புகளோ ஐந்து. இருவரில் ஒருவர் பயிற்சிக்கோ, கணக்கெடுப்புக்கோ, தேர்தல் வேலைக்கோ சென்ற நாளில் எஞ்சியவர் ஐந்து வகுப்புகளையும் ஓரறையில் அமர்த்துகிறார். ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் நடக்கையில் இரண்டாம் வகுப்பு சிலேட்டில் அதே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதிக் கொண்டிருக்கும்.

சட்டம் குறித்தது குறைந்த அளவை மட்டுமே. அதற்கு மேல் நியமிக்கலாகாதென்று அது எங்கும் கூறவில்லை. பிள்ளைகள் பத்துப் பேரானாலும், முதல் இரண்டு வகுப்புகளுக்கென்று ஒவ்வொரு தொடக்கப் பள்ளியிலும் தனி ஆசிரியர் ஒருவரை நியமித்து, அவரை வேறு எவ்வலுவலுக்கும் அழைப்பதில்லை என்று சர்க்கார் உத்தரவிடுமா? வரவு செலவுத் திட்டம் வருகையில் சட்டசபை அங்கத்தினர் எவரேனும் இதைக் கேட்பார் என்று எதிர்பார்க்கிறோம்.