தொலைக்கவென்றே வார்க்கும் தலைகள்

ஏரிகள் உறைந்து கிடக்கும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் அமெரிக்காவின் மினசோட்டா, விஸ்கான்சின், அயோவா பக்கத்துத் தூண்டில்காரர்கள் இரண்டு வகையாகப் பிரிந்துவிடுவார்கள். பனிப்பாளத்தில் துளை போட்டு, அதற்குள் தூண்டில் விட்டுக் குளிரில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒரு வகை. கார் நிறுத்தும் கேரேஜில் ஈயம் காய்ச்சி, வரப்போகும் கோடைக்கு ஜிக் வார்த்து அடுக்குபவர்கள் இன்னொரு வகை. சனிக்கிழமை அது, ஞாயிற்றுக்கிழமை இது என்று இரண்டையும் செய்பவர்களும் உண்டு.

ஜிக் என்பது முள்ளோடு சேர்த்து வார்த்த ஈயத் தலை. நம் ஊர்த் தூண்டிலில் முள் தனி, ஈயக்குண்டு தனி. ஜிக்கில் எடை முள்ளின் கழுத்திலேயே உட்கார்ந்திருக்கும். அதன் பின்னால் ரப்பர் புழுவையோ மான்வால் முடியையோ மாட்டித் தண்ணீரில் விட்டால் தலைகுப்புற இறங்கும். நரம்பைச் சுண்டினால் எம்பும், தளர்த்தினால் மறுபடி இறங்கும். அடிபட்ட குஞ்சு என்று நினைத்துப் பெரிய மீன் கவ்வுவது பெரும்பாலும் அந்த இறக்கத்தில்தான். இதற்கென்றே கழுத்தை 60 டிகிரியிலும் 90 டிகிரியிலும் வளைத்த முட்கள் விற்கின்றன. நரம்பு கட்டும் வளையம் தலையின் உச்சிக்கு வந்துவிடுவதால், ஜிக் அடித்தரையில் கிடக்கும்போதும் கூர்முனை மேல்நோக்கி நிற்கும். உருண்டைத் தலை எல்லாவற்றுக்கும் பொது. அமெரிக்கக் கால்பந்தின் வடிவில் இருபுறமும் நீண்ட தலை பாறைத் தரைக்கு. பாறையின் மேல் அது இடமும் வலமும் ஆடி ஆடி நகர்வதை நன்னீர்ச் சிங்கி இறால் என்று பாஸ் மீன் நம்புகிறது.

முள் மேல்நோக்கி நின்றாலும் ஜிக் சிக்கத்தான் செய்யும். மீன் ஒதுங்கும் இடம் பாறை இடுக்கும் மூழ்கிய மரமும்தான். சிக்காத இடமாகப் பார்த்துத் தூண்டில் போடுகிறவருக்கு மீனும் சிக்காது. இழுத்துப் பார்த்து, வேறு திசையில் நின்று சுண்டிப் பார்த்து, கடைசியில் நரம்பை அறுத்துவிட்டு அடுத்த ஜிக்கைக் கட்ட வேண்டியதுதான். மோசமான பாறை ஏரியில் ஒரு காலைப்பொழுதுக்குள் ஒரு டப்பா காலியாகிவிடும். விலை கொடுத்து வாங்கிய ஜிக் என்றால் கை தயங்கும். தயங்குகிற கை பாறைக்குப் பக்கத்தில் வீசாது. வீட்டில் வார்ப்பதன் ஆதாயம் இங்கேதான் இருக்கிறது. ஒரு பவுண்டு, அதாவது 454 கிராம் ஈயத்தில் கால் அவுன்ஸ் தலைகள் 64 வரும். அரைக்கால் அவுன்ஸ் என்றால் 128. காசு போவது முள்ளுக்குத்தான், ஈயத்துக்கு அல்ல. உலை, அச்சு, பெயின்ட் என்று எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் உண்மையில் மிச்சம் பிடித்தவர் எத்தனை பேர் என்று மட்டும் கேட்கக்கூடாது.

காசைவிடப் பெரிய காரணம் முள். விலையைக் குறைக்கக் கடை ஜிக்கில் மெல்லிய முள்ளை வைத்துவிடுவதுண்டு. பெரிய மீன் இழுத்தால் அது விரிந்துகொள்ளும். தானே வார்ப்பவர் தனக்குப் பிடித்த தடிமனில் முள் வைத்துக்கொள்வார். சின்னத் தலைக்குப் பெரிய முள் வேண்டுமென்றால் அதுவும் நடக்கும்.

அயோவாவில் டென்வர் என்ற பெயரில் ஒரு சிற்றூர் இருக்கிறது. கொலராடோவின் பெருநகரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அங்கே இயங்கும் டூ-இட் நிறுவனத்தின் அலுமினிய அச்சுகள் இந்தக் கேரேஜ்களில் பரவலாகக் காணக் கிடைப்பவை. கீல் வைத்த இரண்டு பாதிகள், மரக் கைப்பிடிகள், உள்ளே வரிசையாகக் குழிகள். ஒவ்வொரு குழிக்கும் முள்ளைக் கிடத்த ஒரு பள்ளமும், மேலிருந்து ஈயம் இறங்க ஒரு புனல் வாயும் இருக்கும். எந்த அச்சுக்கு எந்த முள் என்று தயாரிப்பாளரே எண் போட்டுச் சொல்லியிருப்பார். வேறு முள்ளை வைத்தால் அச்சு மயிரிழை அளவுக்கு வாய் திறந்து நிற்கும், அந்தச் சந்தில் ஈயம் புகுந்து பிசிறு கட்டும். கைதேர்ந்தவர்கள் சின்ன அரத்தால் பள்ளத்தைச் சுரண்டி, தாங்கள் விரும்பிய முள்ளுக்கு இடம் செய்துகொள்வார்கள். உலை பெரும்பாலும் மின்சாரத்தில் ஓடுவது, அடியில் துவாரமும் மேலே நெம்புகோலும் கொண்டது. விஸ்கான்சினின் லீ நிறுவனம் துப்பாக்கிக் குண்டு வார்ப்பவர்களை மனதில் வைத்துச் செய்த உலையே தூண்டில்காரர் கைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். ஊற்றுவது அதற்கும் ஐம்பது, நூறு டிகிரி மேலே. உருகியதும் மேலே சாம்பல் நிறத்தில் ஆடை படியும். ஒரு துண்டு மெழுகைப் போட்டுக் கிளறினால் புகைந்து, சில சமயம் குப்பென்று தீப்பிடித்து, கசடு தனியாகப் பிரியும். கரண்டியால் அதை வழித்தெடுத்தபின் தெரிவது பாதரசம் போன்ற பளபளப்பு. அச்சின் குழிகளில் மெழுகுவத்திப் புகை காட்டிக் கரி ஏற்றுவது பழைய வழக்கம். கரி படிந்த சுவரில் ஈயம் தடையில்லாமல் ஓடும்.

அதற்கப்புறம் பொறுமைக்குச் சோதனை. குளிர்ந்த அச்சில் ஈயம் பாதி வழியிலேயே உறைந்துபோகும். முதலில் வரும் தலைகள் சுருக்கம் விழுந்து, கழுத்தில்லாமல், சில சமயம் பாதித் தலையாக வந்து விழும். எல்லாம் மறுபடி உலைக்குள். அச்சு சூடேறியபின் கணக்கு மாறிவிடுகிறது. முள்ளைக் கிடத்து, மூடு, நடுவில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் ஊற்று, உறைய ஓரிரு விநாடி கொடு, திற. ஊற்றிய வாயில் உறைந்து நிற்கும் வாலைக் குறடால் நறுக்கி உலைக்கே திருப்பிப் போடலாம். தலை மங்கிப் பனி பூத்தாற்போல வந்தால் சூடு அதிகம் என்று பொருள். அவுன்ஸில் பதினாறில் ஒரு பங்கு, அதாவது இரண்டு கிராமுக்கும் குறைவான தலைகள்தான் உயிரை வாங்கும். அவற்றுக்கு ஆண்டிமனி கலக்காத மெத்தென்ற ஈயம் வேண்டும். கெட்டி ஈயம் அந்த நுண்ணிய கழுத்துக்குள் இறங்க மறுக்கும்.

ஒரு காலத்தில் டயர் கடைகளில் கழற்றிப் போட்ட சக்கர எடைகளை வாளிக்கணக்கில் சும்மா அள்ளிவரலாம். ஐரோப்பா 2005-லும் கலிஃபோர்னியா 2010-லும் ஈயச் சக்கர எடைகளைத் தடைசெய்தபின் வாளியில் இரும்பும் துத்தநாகமும் கலந்து வருகின்றன. இரும்பு மிதக்கும், எடுத்தெறிந்துவிடலாம். துத்தநாகம் அப்படியில்லை. உருகுநிலை 419 டிகிரி. உலையை அதற்குக் கீழே வைத்திருந்தால் திடமாகவே மிதக்கும். கவனம் தப்பிச் சூடு ஏறினால் ஈயத்தோடு கலந்து, மொத்த உலையும் கூழாகிவிடும். அதன்பின் அந்த ஈயம் எந்த நுண்ணிய குழிக்குள்ளும் ஒழுங்காக இறங்காது. கார் பேட்டரியை உடைத்து ஈயம் எடுக்கும் யோசனை யாருக்காவது வந்தால் அதை அங்கேயே விட்டுவிட வேண்டும். அதிலுள்ள அமிலமும் ஆர்செனிக், ஆண்டிமனிக் கலப்பும் வீட்டில் கையாளத்தக்கவை அல்ல.

ஆபத்து என்றதும் எல்லோரும் புகையைத்தான் நினைக்கிறார்கள். கேரேஜ் உலையின் சூட்டில் ஈயம் ஆவியாவது மிகக் குறைவு. உடனடி எதிரி தண்ணீர். நீராவியாகும்போது தண்ணீரின் கன அளவு 1,600 மடங்குக்கு மேல் விரியும். ஈரமான ஒரு ஈயக்கட்டியை உருகிய ஈயத்துக்குள் அமிழ்த்தினால், உலையில் இருப்பதெல்லாம் கூரைக்குப் போய்த் திரும்பி வரும். முகக்கவசம், தோல் கையுறை, முழுக்கை, மூடிய காலணி என்று உடுத்துவது அதற்காகத்தான். மெல்லக் கொல்லும் எதிரி, வழித்தெடுத்த கசடின் மாவு போன்ற தூசு. கையில் ஒட்டி, வாய்க்குப் போய், உடுப்பில் ஏறி வீட்டுக்குள் வந்து தவழும் குழந்தையிடம் சேரும். அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் குழந்தைகளின் ரத்தத்தில் கவனத்துக்குரிய ஈய அளவை 2021-இல் டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராமாகக் குறைத்தது. பாதுகாப்பான அளவு என்று எதையும் உலக சுகாதார நிறுவனம் ஒப்புக்கொள்ளவில்லை. எனவே சமையலறையில் காய்ச்சவே கூடாது. வார்க்கும் இடத்தில் எதையும் தின்னக்கூடாது. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அந்தப் பக்கம் வரக்கூடாது. தூசியைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்பவரின் கேரேஜில் ஈயம் கட்டுக்குள் இருக்கிறது. ஏரிக்குப் போனபிறகு என்ன ஆகிறது என்பதுதான் தகராறு.

வட அமெரிக்க ஏரிகளில் லூன் என்றொரு நீர்ப்பறவை உண்டு. கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட முதுகு, சிவந்த கண், முக்குளிப்பதில் வித்தகம். மினசோட்டாவின் மாநிலப் பறவை. கனடாவின் ஒரு டாலர் நாணயத்திலும் அதுதான் இருக்கிறது. இரையை அரைக்க இது கூழாங்கற்களை விழுங்கி இரைப்பையில் வைத்துக்கொள்ளும். கல்லோடு கல்லாக ஈயக்குண்டும் போய்விடும். அறுந்த நரம்போடு திரியும் மீனை விழுங்கினால் ஜிக்கும் சேர்ந்தே உள்ளே போகும். இரைப்பையின் அமிலமும் கற்களின் அரைப்பும் ஈயத்தைக் கரைத்து ரத்தத்தில் ஏற்ற, சில வாரங்களில் பறவை செத்துவிடும். ஒரே ஒரு சிறிய ஜிக் போதும். நியூ ஹாம்ப்ஷயரில் லூன் பாதுகாப்புக் குழுவினர் இறந்த பறவைகளைச் சேகரித்து ஆராய்ந்ததில், 1989 முதல் 2012 வரை கிடைத்த வளர்ந்த லூன்களில் ஏறத்தாழப் பாதி தூண்டில் ஈயத்தால் செத்தவை. அந்தச் சாவுகள் மாநிலத்தின் லூன் எண்ணிக்கையை 43 சதவீதம் குறைத்துவிட்டதாக 2018-இல் வெளியான அவர்களது ஆய்வு கணக்கிட்டது.

பிரிட்டன் இதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே பார்த்துவிட்டது. அங்கே செத்தவை அன்னங்கள். 1987-இல் 28.35 கிராம் வரையிலான தூண்டில் ஈயத்தின் இறக்குமதிக்கும் விற்பனைக்கும் தடை வந்தது, அன்னங்கள் மீண்டன. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1994-இல் சிறிய ஈயக்குண்டுகளை நாடு முழுக்கத் தடைசெய்ய ஒரு வரைவை முன்வைத்தது. அது சட்டமாகவில்லை. மாநிலங்கள் தனித்தனியாக நடந்துகொண்டன. நியூ ஹாம்ப்ஷயரில் 2016 ஜூன் முதல் நன்னீரில் ஒரு அவுன்ஸ் அல்லது அதற்குக் குறைவான ஈய ஜிக்கையும் குண்டையும் விற்கவும் கூடாது, பயன்படுத்தவும் கூடாது.

இந்தச் சண்டையில் வீட்டில் வார்ப்பவரைக் குற்றவாளியாக நிறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. கடைக்குப் பூட்டுப் போடலாம், கேரேஜை யார் எட்டிப் பார்ப்பது என்ற கேள்வி நியாயம்தான். ஆனால் வார்ப்பவரிடம் கடையில் வாங்குபவரிடம் இல்லாத இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, கணக்கு. குளிர்காலத்தில் எத்தனை பவுண்டு உருக்கினோம், இலையுதிர்காலத்தில் டப்பாவில் எத்தனை மிஞ்சியது என்று அவருக்குத் தெரியும். வித்தியாசம் எங்கே கிடக்கிறது என்பதும் தெரியும். இன்னொன்று, உலை. கடைக்காரர் மாறும்வரை அவர் காத்திருக்கத் தேவையில்லை, உலையில் எதைப் போடுவது என்பது அவர் கையில்.

ஈயத்துக்கு மாற்றான டங்ஸ்டன் அந்த உலைக்கு ஆகாது, அது உருக 3,400 டிகிரிக்கு மேல் வேண்டும். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு செய்கிற வெள்ளீயம் 232 டிகிரியில் ஓடும், ஆனால் எடை பற்றாது. கால் அவுன்ஸ், அதாவது 7 கிராம் ஈயம் பிடிக்கும் குழியில் அது நாலரை கிராம் சொச்சமே வரும். பிஸ்மத் அதே குழியில் 6 கிராம் வரும், 271 டிகிரியில் உருகும். உறையும்போது சுருங்காமல் சற்று விரிவதால் அச்சின் மூலை முடுக்கெல்லாம் நிரம்பித் தலை கூர்மையாக வார்க்கும். விலை ஈயத்தைப் போலப் பல மடங்கு. நொறுங்கும் குணமும் உண்டு, பாறையில் மோதினால் விண்டுபோகலாம். அதனால் பலர் வெள்ளீயத்தோடு கலந்து ஊற்றுகிறார்கள்.

கலந்ததும் ஒரு சிக்கல் வருகிறது. ஜிக் தலைக்கு நிறம் ஏற்றப் பழக்கமான வழி, தலையைச் சூடாக்கிப் பெயின்ட் பொடியில் முக்கி, அதற்கென ஒதுக்கிய சின்ன அடுப்பில் 177 டிகிரியில் வேகவைப்பது. ஈயம் அசையாமல் நிற்கும். பிஸ்மத்–வெள்ளீயக் கலவையோ 138 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். அடுப்பைத் திறந்தால் கம்பியில் முட்கள் மட்டும் வரிசையாகத் தொங்கும், தலைகள் தட்டில் குட்டையாகக் கிடக்கும். ஆகவே இந்தக் கலவைக்கு மாறியவர்கள் பொடியை விட்டுவிட்டு, காற்றில் உலரும் வினைல் பெயின்ட்டுக்கும் நகப்பூச்சுக்கும் போய்விட்டார்கள். நகப்பூச்சில் நிறங்களும் அதிகம், மினுமினுப்பு வேண்டுமென்றால் தனியாகத் தூவத் தேவையில்லை.