வன்னியிற் பெய்த வெண்பனி

2024 ஆம் ஆண்டு மார்கழி மாதத்திலே எங்கள் வீட்டில் ஒரு வழக்கு எழுந்தது. வழக்காளி எட்டு வயதுச் சிறுமி. எதிராளி, முள்ளியவளையிலே பல்லாண்டாக நன்னூலும் நளவெண்பாவும் படிப்பித்துவரும் அடியேன். வழக்கு இதுதான்: நத்தார் வந்துவிட்டது, பனி எங்கே?

சிறுமி என் தம்பியின் மூத்த மகள். தம்பி 1998 இல் ஊரைவிட்டுப் போய், கனடாவிலே ரொறன்ரோ நகரிற் குடியமர்ந்தவன். மனைவியையும் மகளையும் ஐந்து வயது மகனையும் அழைத்துக்கொண்டு அவன் நத்தாருக்கு வீடு வந்தது அதுவே முதன்முறை. புறப்படுமுன், "அங்கையும் பனி வருமோ?" என்று பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். "மார்கழியிலை எங்கட ஊரிலை நல்ல பனி" என்று இவன் விடை சொல்லியிருக்கிறான். தம்பி பொய் சொன்னவன் அல்லன். அவன் எண்ணியது ஒரு பனி. பிள்ளைகள் விளங்கிக்கொண்டது வேறொரு பனி. குற்றம் சொல்லினது. சொல்லுக்குப் பிணை நிற்கவேண்டியவன் தமிழ்ப் பண்டிதன் ஆதலால், வழக்கு என் தலையில் விழுந்தது.

அடுத்த நாள் வைகறையிலே பிள்ளைகள் இருவரையும் எழுப்பி வயற்கரைக்கு அழைத்துச் சென்றேன். கார்த்திகைக் கடைசியில் வந்த ஃபெங்கல் புயலின் மழையால் குளங்கள் நிறைந்து, காலபோக நெல் இடுப்பளவு நின்றது. வயலுக்கு மேலே மூடுபனி ஒரு வெள்ளைச் சீலைபோலக் கிடந்தது. புல் நுனியெல்லாம் துளிகள். "இதுதான் பிள்ளை பனி" என்றேன்.

சிறுமி குனிந்து ஒரு துளியைத் தொட்டுப் பார்த்தாள். "இது தண்ணி, பெரியப்பா."

"பனித்தண்ணி."

"பனி எண்டா வெள்ளையா எல்லோ இருக்கும்? கையிலை உருட்டலாம் எல்லோ?"

சின்னவன் ஒரு சொல்லோடு தீர்ப்புச் சொல்லிவிட்டான்: "இதிலை ஸ்னோமான் செய்யேலாது."

நான் தோற்றேன். தோற்றவனுக்கு யோசிக்க நேரம் உண்டு. வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தச் சொல்லையே யோசித்துக்கொண்டு வந்தேன். நம் முன்னோர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்தனர். அவற்றுள் இரண்டு பனியின் பெயரால் அமைந்தன. மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. முன்பனியைக் குறிஞ்சிக்கும், பின்பனியைப் பாலைக்கும் உரிமை செய்தார் தொல்காப்பியர். குறிஞ்சி கூடலுக்கு உரியது, பாலை பிரிதலுக்கு உரியது என்பதை மாணவர் அறிவர். இத்தனைக்கும் அந்தப் பனி புல் நுனியிலே தங்கி, வெயில் ஏறக் கழிந்துபோகும் நீர்த்துளியே. உறைந்து மலையை மூடும் பனியைப் பற்றியும் சங்கப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள். ஆயின் அது வடக்கே எட்டாத தூரத்து இமயத்தின் பனி. இமயம் என்ற பெயருக்குள்ளேயே பனியைக் குறிக்கும் வடசொல் இருக்கின்றது. கண்டு பாடினவர் எத்தனை பேர், கேட்டுப் பாடினவர் எத்தனை பேர் என்பது வேறு விசாரணை. எப்படியாயினும் இரண்டுக்கும் ஒரு சொல்லே போதுமாயிருந்தது. ஈராயிரம் ஆண்டு போதுமாயிருந்த சொல் எங்கள் தலைமுறையிலே போதாமற் போயிற்று. 1983 க்குப் பின்னர் நம்மவர் கனடாவுக்கும் நோர்வேக்கும் சுவிற்சர்லாந்துக்கும் போய், முழங்காலளவு பனியில் நின்று வேலைக்குப் பஸ் பார்த்தார்கள். பனி நிலத்தை ஆறாந்திணை என்று சிலர் சொல்லத் தொடங்கியதும் அதனாலேதான். அத்திணைக்குக் கருப்பொருளும் உரிப்பொருளும் வகுக்கும் வேலையை என் தம்பி மகளிடமே விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன்.

நிற்க. நத்தாருக்கும் பனிக்கும் என்ன தொடர்பு? 'நத்தார்' என்பதே போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல். பிறப்பைக் குறிக்கும் 'நத்தால்' நம் நாவிலே நத்தாராயிற்று. கதிரை, மேசை, அலுமாரி, பாண் முதலியவற்றோடு அதுவும் கப்பலில் வந்து இறங்கியது. லூக்கா சுவிசேஷத்திலே, இரவில் வயல்வெளியில் மந்தை காத்த இடையர் வருகிறார்கள், பனி வரவில்லை. பெத்லகேம் மேட்டுநிலம் ஆதலால் அங்கே எப்போதாவது பனி விழுவதுண்டு. 2013 மார்கழியிலே எருசலேம் நகரம் பெரும்பனியால் மூடப்பட்டது. அது உலகச் செய்தியாயிற்று. செய்தியாகுமளவுக்கு அது அருமை என்க. பனியையும் பண்டிகையையும் பிரிக்கமுடியாதபடி முடிச்சுப்போட்டவருள் முதன்மையானவர் ஆங்கில நாவலாசிரியர் டிக்கன்ஸ். 1843 இல் வெளிவந்த அவருடைய கிறிஸ்மஸ் கதை உலகெங்கும் பரவியது. அவருடைய பிள்ளைப்பருவம் இங்கிலாந்திற் கடுங்குளிர் நிலவிய ஆண்டுகளிற் கழிந்தது. 1815 இல் இந்தோனேசியத் தீவொன்றிலே தம்போரா என்னும் எரிமலை வெடித்து வானத்தைத் தூசியால் மூட, 1816 இல் ஐரோப்பாவுக்கு வேனிலே வரவில்லை. அக்குளிருக்கு அதுவும் ஒரு காரணம் என்பர். இந்தோனேசியக் கடற்பக்கத்து நிலம் அசைந்தால் எங்கெங்கோ உள்ள பிள்ளைகளின் நத்தார் மாறிவிடுகிறது. இதனை வன்னியில் இருந்து எழுதும் எனக்கு மேலும் விரிக்க மனம் வரவில்லை. பின்னர் வருகிறேன்.

இதற்கு நேர்மாறான கதை நம் வீரமாமுனிவருடையது. குளிர்காலத்திலே பனி விழும் வட இத்தாலியில் 1680 இற் பிறந்தவர் அவர். வெண்பனி இன்னதென்று கண்ணால் அறிந்தவர். அவர் தேம்பாவணியிலே யூதேயா நாட்டை வருணிக்கப் புகுந்தபோது, மேகம் பொழிந்து ஆறு பெருகி வயல் விளையும் தமிழ்நாட்டையே அங்கு கொண்டுபோய் வைத்தார். தாம் கண்ட பனியை நமக்குத் தராமல் நம் மழையை நமக்கே தந்த அந்தத் துறவியை நினைக்குந்தோறும் எனக்கு ஒரு நன்றி உண்டாகும்.

இதையெல்லாம் எட்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்லமுடியுமா? "இஞ்ச குளிர் இல்லை, அதாலை ஸ்னோ இல்லை" என்று மட்டும் சொன்னேன். அதுவும் முழு உண்மை அன்று. 2022 மார்கழியிலே மண்டூஸ் புயல் வங்கக் கடலைக் கடந்தபோது வீசிய குளிர்காற்றும் மழையும் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகளையும் ஆடுகளையும் கொன்றன. வன்னி மாடு பட்டி அடைத்தாலும் கூரை அறியாதது. விடியப் பார்த்தபோது நின்ற நிலையிலும் மடங்கிய நிலையிலும் விறைத்துக் கிடந்தன. எங்கள் அயலவர் ஒருவர் ஒன்பது மாடுகளை ஒரே குழியிற் புதைத்தார். பனிக்கட்டி விழாத தேசத்துக் குளிரும் குளிரே.

இனி என் அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை.

அக்கா என்னோடுதான் இருக்கிறாள். இலவம் பஞ்சிலே தலையணை தைத்து விற்பது அவளுடைய சீவனோபாயம். பங்குனி, சித்திரையில் இலவங்காய் வெடிக்கும்போது வாங்கிக் கொட்டை நீக்கிச் சாக்குகளிற் கட்டி வைத்தால், அடுத்த வருடம்வரை தைப்பாள். 2004 இல் அவள் முல்லைத்தீவுக் கரையிலே கள்ளப்பாட்டில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். முல்லையின் பெயரைத் தாங்கிய நெய்தல் நிலம் அது. அவ்வாண்டு நத்தார் சனிக்கிழமை. மறுநாட் காலை, தான் சுட்ட பயற்றம் பணியாரத்தையும் கொக்கிசையும் ஒரு பெட்டியிலே போட்டுக்கொண்டு, அம்மாவுக்குக் கொடுக்கவென்று சைக்கிளில் முள்ளியவளைக்கு வந்தாள். ஏழு வயது மகள் நித்திரை. எழுப்ப மனமின்றி அத்தானோடு விட்டுவிட்டு வந்தாள். எங்கள் முற்றத்திலே சைக்கிளை நிறுத்திப் பெட்டியை அவிழ்த்துக்கொண்டிருந்த வேளையிலேதான் கடல் எழுந்தது. இந்நாட்டில் அன்று மாண்டோர் 30,000 பேருக்கு மேல் என்று கணக்குச் சொல்லுகிறது. எங்கள் கணக்கு இரண்டு.

அந்தப் பிள்ளையின் படம் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. 2009 இன் இடப்பெயர்விலே அதுவும் போயிற்று. செட்டிகுளம் முகாமிலிருந்து திரும்பி வந்தபோது வீட்டுக்குச் சுவர் மட்டும் எஞ்சியிருந்தது. கட்டிக்கொண்டு குடிபுகுந்தோம். நத்தார் ஆண்டுதோறும் வந்தது. அக்கா நடுச்சாமப் பூசைக்கு வருவாள். இருபத்தாறாந் தேதி கடற்கரைக்குப் போவாள். பலகாரச் சட்டியைத் தொடமாட்டாள். குடில் கட்டும்போது அந்தப் பக்கம் வரமாட்டாள். பிள்ளையின் பெயரையும் அவள் வாயால் நாங்கள் கேட்டதில்லை. நாங்களும் சொல்லுவதில்லை. இப்படி இருபது வருடம்.

நத்தாருக்கு முதல்நாள் மாலை மழை பிடித்துக்கொண்டது. அயல்வீட்டிலே பிள்ளையார் கதை படிக்கும் குரல் மழையினூடே கேட்டது. எங்கள் நடு அறையிலே கடற்கரையிலிருந்து கொண்டுவந்த சவுக்குக் கிளையை ஒரு வாளிக்குள் நட்டு, அருகே வைக்கோலால் குடில் அமைத்துக்கொண்டிருந்தோம். சிறுமி ஓரமாய்க் கதிரையில் முகத்தைத் தூக்கிக்கொண்டு இருந்தாள். அக்கா சமையலறை வாசலில் நின்று அவளைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பின்பு தன் அறைக்குப் போய் ஒரு சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்து, குடிலுக்கு முன்னால் வைத்து, கட்டை அவிழ்த்தாள்.

"இந்தா, உன்ரை ஸ்னோ" என்றாள்.

பிள்ளைகள் இருவரும் அள்ளத் தொடங்கினார்கள். சவுக்குக் கிளையிலே பஞ்சு. குடிற் கூரையிலே பஞ்சு. மாட்டுக்கும் ஆட்டுக்கும் முதுகிலே பஞ்சு. ஒரு சாக்குப் போதவில்லை, அக்கா இரண்டாவதையும் கொணர்ந்தாள். இலவம் பஞ்சு பருத்திபோல் ஒட்டிக் கிடப்பதன்று. மூச்சு விட்டாற் பறக்கும். அதனாலே அவள் தைக்கும்போது கதவடைத்து, மூக்கிலே துணி கட்டிக்கொள்வாள். இந்த இரகசியம் சின்னவனுக்குத் தெரியாது. புழுக்கமாயிருக்கிறதென்று எட்டி மின்விசிறியின் ஆளியைத் தட்டிவிட்டான்.

ஒரு கணத்திலே அறை இல்லை. வெண்மைதான் இருந்தது. பஞ்சு எழுந்து சுழன்று கூரையை முட்டித் திரும்பி மெல்ல மெல்ல இறங்கியது. தம்பி வாய் திறந்தபடி நின்றான். என் மனைவி, "ஐயோ, அக்காவின்ரை பஞ்சு!" என்று அலறினாள். இரண்டு மாதத் தொழிலுக்குரிய பொருள் அது. நான் ஆளியை நோக்கி ஓடினேன்.

"நிப்பாட்டாதை" என்றாள் அக்கா.

அவள் நடு அறையின் மத்தியிலே நின்றாள். தலை, தோள், இமை எல்லாம் வெள்ளை. கையை ஏந்திப் பிடித்தாள். பிள்ளைகள் அவளைச் சுற்றிக் கூத்தாடினார்கள். அப்போது அவள் சிரித்தாள். பெரிய சிரிப்பு என்று சொல்லமாட்டேன். தும்மலும் இருமலும் கலந்த சிரிப்பு. தம்பி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். எனக்கும் கண்ணிலே பஞ்சு விழுந்திருந்தது.

இருபத்தாறாந் தேதி எல்லோரும் கடற்கரை நினைவிடத்துக்குப் போனோம். வழக்கமாக அக்காவும் நானும் மட்டுமே போவோம். தூறல். மெழுகுதிரி பற்றுவதும் அணைவதுமாக இருந்தது. பெயர்கள் எழுதிய இடத்திலே சிறுமி அக்காவின் கையைப் பிடித்து, "உங்கட மகளின்ரை பெயர் என்ன, மாமி?" என்று கேட்டாள். யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததன்று. அக்கா சொன்னாள். பெயரை முழுதாக, தெளிவாகச் சொன்னாள். "எனக்கு அவ என்ன முறை?" என்று அடுத்த வினா வந்தது. "மச்சாள்" என்றேன் நான். உயிரோடிருந்தால் இருபத்தேழு வயது.

"அவ ஸ்னோ பாத்தவவோ, மாமி?"

"இல்லைப் பிள்ளை. பாக்கேல்லை."

சிறுமி தன் சட்டைப் பையைத் துழாவினாள். முதல்நாட் பஞ்சு சிறிது அதிலே கிடந்தது. அதை எடுத்து மெழுகுதிரிக்குப் பக்கத்திலே வைத்தாள். மழையில் அது நனைந்து சிறுத்துக் கல்லோடு ஒட்டிக்கொண்டது. அக்கா அதை எடுக்கவில்லை.

பலகாரச் சட்டியை அந்த வருடமும் அவள் தொடவில்லை. அதைப்பற்றி நான் கேட்கவும் இல்லை.

தை பிறந்து சில நாட்களில் ரொறன்ரோவிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. திரையிலே சிறுமியின் முகம். பின்னாலே வீதி, வேலி, வாகனம் யாவும் வெள்ளை. அவள் ஒரு கை நிறைய அள்ளிக் காட்டினாள். "மாமி, இது கெதியாய்க் கரைஞ்சு போகுது. உங்கட ஸ்னோதான் கரையாது" என்றாள். எங்கள் வீட்டு வளையிலே அப்போதும் பஞ்சு தொங்கிக்கொண்டிருந்தது. ஒட்டடை அடிக்க வேண்டாமென்று அக்கா மறித்திருந்தாள்.

அக்கா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரைக்குக் கிட்டப் போனாள். வெண்பனியை அவள் பார்த்ததாகத் தெரியவில்லை.

"காலுக்குச் சப்பாத்துப் போட்டிருக்கிறியோ பிள்ளை?" என்று கேட்டாள்.