கட்டடக் கலைஞரும் குடிபெயர்வோரும்

ஹவுரா மெயிலில் வந்திறங்கும் நம்மவர் பெரும்பாலும் ஹவுராவைக் காண்பதில்லை. ஹால்ஸி ரிக்கார்டோ என்னும் ஆங்கிலக் கட்டடக் கலைஞர் வரைந்து 1905ஆம் ஆண்டில் எழுந்த செங்கல் நிலையத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, பாலத்தைக் கடந்து கொல்கத்தாவுக்குள் புகுந்துவிடுவர். நிலையத்துக்குப் பின்னே கிடக்கும் ஊரோ இரும்புப் பட்டறைகளும் சணல் ஆலைகளும், 'பஸ்தி' எனப்படும் ஓட்டு வீட்டுத் தொகுதிகளும் நெருங்கியது. அவ்வூரைப் பற்றியே இன்று சில சொல்ல விழைகிறோம்.

லண்டனில் தொழிலாளர் தெருக்களில் வசதி படைத்தோர் குடியேற, பழையவர் வெளியேறும் போக்குக்கு, ரூத் கிளாஸ் என்னும் சமூகவியல் அறிஞர் 1964இல் ஒரு புதுச்சொல் படைத்தார். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாமும் அதனை 'மேட்டுக்குடியாக்கம்' என்று எழுதிவிட்டு மனநிறைவின்றி இருக்கிறோம். சொல்லில் வருவோர் தெரிகின்றனர்; போவோர் தெரியவில்லை. மூலச்சொல்லிலும் இதே குறைதான்.

ஹவுராவில் போவோர் யார்? பஸ்தியில் நிலம் ஒருவருடையது. அதனை வாடகைக்குப் பெற்றுக் குடிசை கட்டியவர் 'டிக்கா' குடியாளர். அக்குடிசையில் ஓர் அறைக்கு வாடகை தருபவர் மூன்றாமவர். 1981ஆம் ஆண்டுச் சட்டம் கொல்கத்தா, ஹவுரா ஆகிய இரு நகரங்களிலும் இத்தகைய நிலத்தை அரசுடைமையாக்கிற்று. எனினும் அந்த மூன்றாமவர் கையில் காட்டத்தக்க தாள் இருப்பது அரிது. ஒரு கதவுக்குப் பின்னே ஐந்து குடும்பங்கள் இருப்பினும், அளவைத்தாளில் அது ஒரு வீடே.

1992இல் வித்யாசாகர் சேது திறந்தது. 2013இல் அரசின் தலைமைச் செயலகம் சிப்பூர்ப் பக்கம் நபன்னாவுக்கு வந்தது. இத்தகைய இடத்தில் மனையின் மதிப்பு உயர்வது இயல்பு. நிலத்தை விற்பது கட்டடக் கலைஞரின் முடிவன்று. அவருக்கு ஊதியம் தருபவர் வேறொருவர். ஆயினும் வீட்டின் மிகக் குறைந்த அளவு எவ்வளவு, மதில் எங்கே நிற்கும், தரைத்தளத்தில் பட்டறைக்கு இடமுண்டா என்பவை அவர் மேசையில்தான் கோடாகின்றன. சிறிய வீட்டையே வரையாதபோது, வாங்கக்கூடியவர் யார் என்பதும் அங்கேயே தீர்ந்துவிடுகிறது.

நம் தஞ்சைக்கு இதில் ஒரு தொடர்புண்டு. பாட்ரிக் கெடஸ் கட்டடக் கலைஞர் அல்லர், உயிரியல் பயின்றவர். 1915ஆம் ஆண்டளவில் சென்னை மாகாணத்து ஊர்களைப் பார்வையிட்ட அவர், தஞ்சைக் கோட்டைப் பகுதியில் நேரான அகன்ற தெருக்களுக்காக வீடுகளை இடிப்பதை ஏற்கவில்லை. சிதைந்த சிலவற்றை மட்டும் நீக்கிச் சிறு வெளிகளை உண்டாக்கினால் போதும் என்றார். ஒவ்வொரு சந்தாக நடந்து பார்த்தே அவர் வரைந்தார். 1919இல் கொல்கத்தாவின் படாபஜார் பற்றியும் அறிக்கை தந்தார்.

1970களில் கொல்கத்தாப் பெருநகர வளர்ச்சி ஆணையம் பஸ்திகளை அகற்றாமலே குடிநீர்க் குழாய், கழிப்பிடம், தளமிட்ட சந்து, விளக்கு ஆகியவற்றை அமைத்தது. மெச்சத்தக்க பணியே. ஆனால் குழாய் வந்த சந்தில் வீட்டுக்காரர் வாடகையை உயர்த்த முற்பட்டால், அந்த மூன்றாமவரைக் காக்க எந்த வரைபடமும் போதாது.