காமன் எரிந்த இரவு

கண்டியிலிருந்து பேராதனை வழியாகக் கலஹாவுக்குச் செல்லும் பாதை பல்கலைக்கழக வளாகத்தின் ஊடாகவே போகின்றது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் இங்கிருந்துதான், மட்டக்களப்புக் கூத்து மரபைத் தழுவி, மாணவர்களைக் கொண்டு ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலிய கூத்துகளை உருவாக்கி மேடையேற்றினார். கற்றோர் தமிழ்க் கூத்தின்பால் தம் பார்வையைத் திருப்பிய காலம் அது. அவ்வளாகத்தைக் கடந்து மேலும் மலையேறினால், எவருடைய பார்வைக்கும் காத்திராமல் ஆண்டுதோறும் மாசி மாதத்தில் ஆடப்பட்டு வரும் கூத்தொன்று தேயிலைத் தோட்டங்களிலே உண்டு. அதுவே காமன் கூத்து.

சென்ற மாசியில், கலஹாவுக்கு அப்பாலுள்ள தோட்டம் ஒன்றில் அதனைக் குடும்பத்துடன் கண்டு களிக்கும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. நுழைவுச் சீட்டு இல்லை, திரைச்சீலை இல்லை, நாற்காலியும் இல்லை. லயங்களுக்கு நடுவேயுள்ள வெட்டவெளியில் சாக்கும் பாயும் விரித்து அமர்ந்தோம். மாசிப் பனி எலும்பைத் துளைத்தது. கம்பளி கொண்டு வராத எம்மைப் பார்த்து இரங்கிய ஒரு பாட்டி, தம் போர்வையில் பாதியை எம் மகளுக்கு ஈந்தார்.

கதை யாவரும் அறிந்ததே. அசுரரின் கொடுமை தாங்காத தேவர்களுக்குச் சிவகுமாரன் ஒருவன் பிறக்க வேண்டும். சிவபெருமானோ மோனத் தவத்தில் ஆழ்ந்திருக்கின்றார். அத்தவத்தைக் கலைக்க மன்மதனை ஏவுகின்றனர். அவன் மலரம்பு தொடுக்க, இறைவன் நெற்றிக்கண்ணைத் திறக்க, காமன் சாம்பலாகின்றான். காளிதாசன் தன் ‘குமாரசம்பவ’த்தின் நான்காம் சருக்கத்தை இரதியின் புலம்பலுக்கே ஒதுக்கினான். கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணத்தில் காமதகனப் படலம் பாடினார். அவர் பாடிய கதையில், மன்மதன் போக மறுக்கின்றான். போகாவிடிற் சபிப்பேன் எனப் பிரமன் அச்சுறுத்திய பின்னரே புறப்படுகின்றான். மாணவர்கள் இவ்விடத்தைக் கவனித்துப் படித்தல் நன்று. தோட்டத்துக் கூத்தின் உயிர்நிலை இங்கேதான் இருக்கின்றது.

இக்கூத்து தமிழகத்திலிருந்து வந்தது. காமனை இறைவன் எரித்த தலமென்று போற்றப்படும் திருக்குறுக்கை மயிலாடுதுறைக்கு அண்மையில் உள்ளது. தஞ்சை, திருச்சி, மதுரை, இராமநாதபுரம் ஆகிய பகுதிகளிலிருந்து 19ஆம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்கு வந்த மக்கள், மன்னாரிலிருந்து காட்டுவழியே மலைநாடு வரை நடந்தனர். வழியில் மாண்டோர் பலர். கோப்பிச் செடிகளை இலைநோய் அழித்த பின் தேயிலை வந்தது. ஜேம்ஸ் டெயிலர் 1867ஆம் ஆண்டில் 19 ஏக்கர் நிலத்தில் அதனைப் பயிரிட்ட லூல்கந்துர தோட்டமும் இக்கலஹாப் பக்கத்து மலைகளிலேயே உள்ளது. பயிர் மாறிற்று, துரைமார் மாறினர், கூத்து நிலைத்தது.

அமாவாசை கழிந்த மூன்றாம் நாளில், காமன் பொட்டல் எனப்படும் இடத்திலே கம்பம் ஊன்றப்படுகின்றது. கரும்பும் ஆமணக்கும் வைக்கோற் பிரியும் வறட்டியும் சேர்த்துக் கட்டிய அக்கம்பமே காமன். அன்று தொட்டு வேடம் புனைவோர் விரதம் காக்கின்றனர், புலால் உண்பதில்லை. இரவுதோறும் தப்பு முழங்கும், பாட்டு நடக்கும். பௌர்ணமியை ஒட்டிய இறுதி இரவில்தான் முழுக் கூத்து. வேடம் பூண்ட இரதியும் மன்மதனும் முதலில் லயம் லயமாகச் செல்ல, வாசல்தோறும் பெண்கள் ஆரத்தி எடுத்து, மணமக்களை வரவேற்பது போலவே வரவேற்கின்றனர். அயல்வீட்டுப் பையன்தான் அந்த மன்மதன் என்பதை அவ்வேளையில் ஒருவரும் நினைப்பதாகத் தெரியவில்லை.

அன்று மன்மதனாய் ஆடிய இளைஞன் கொழும்பிலே கடையொன்றில் வேலை செய்பவன். அவன் தந்தை அந்த வேடத்தைப் பல்லாண்டு தாங்கியவர். அவர் மறைந்த பின் ஆளின்றி இரண்டு மாசி மாதங்கள் கூத்தில்லாமலே கழிந்தனவாம். விரத நாள்களுக்கெல்லாம் விடுமுறை தர முதலாளி மறுத்துவிட்டார். அவன் சொல்லாமலே புறப்பட்டு வந்திருந்தான். கைக்குழந்தையுடன் முன்வரிசையில் அமர்ந்திருந்த அவன் மனைவி, இச்செய்தியைச் சிரித்தபடியேதான் எம்மிடம் கூறினார். ஆயினும் “திரும்பிப் போனால் வேலை இருக்குமோ என்னவோ” என்று முடித்தபோது சிரிப்பு மறைந்துவிட்டது.

நள்ளிரவு கடந்தபின் தூதன் ஓலையுடன் வந்தான். சிறுவர்களுக்கு அவனுடைய கோணங்கித் தனத்தில் ஒரே குதூகலம். எமக்கு அப்பகுதி சற்று நீளமாகவே பட்டது. அதன் பின்னர் இரதிக்கும் மன்மதனுக்கும் வாதம் எழுந்தது. இரதியாக ஆடியவர் நாற்பது வயதுடைய ஓர் ஆண்மகன். பகலில் கவ்வாத்து வெட்டுபவர். குரல் சற்றே கரகரத்தது. ஆனால், தீய கனவு கண்டேன், போகாதீர் என்று அவர் மறித்தும் மன்றாடியும் பாடிய ஒரு மணி நேரமும் அவ்வளவு பெருங்கூட்டத்தில் ஒரு குழந்தைகூட அழவில்லை. வேலையில்லாத தேவர்கள் தம் காரியத்திற்கு என் கணவனையா அனுப்ப வேண்டும் என்று இரதி கேட்டபோது, பெண்கள் பக்கத்திலிருந்து ஆமோதிக்கும் குரல்கள் எழுந்தன.

எம் மகனுக்கு ஓர் ஐயம். “போக மாட்டேன் என்று மன்மதன் சொன்னால் என்ன?” என்று உரக்கவே கேட்டுவிட்டான். போர்வை ஈந்த பாட்டி திரும்பிப் பார்த்தார். “பேரு விழணும்னா மலைக்குப் போய்த்தானே ஆகணும், சாமி” என்றார். தோட்டத்தில் பேர் என்பது ஒரு நாள் வேலைக்கான கணக்கு. அது விழாத நாளுக்குக் கூலி இல்லை. புராணத்தில் பிரமன் சாபமாகச் சொன்னதை அந்த அம்மையார் தம் வாழ்க்கைக் கணக்கிலே சொல்லிவிட்டார். மேலிடத்தார் காரியத்திற்கு ஏவப்பட்டு எரிந்தவனையும், அவனைப் பறிகொடுத்து நியாயம் கேட்டவளையும் இம்மக்கள் தம்மவராகவே கொண்டுள்ளனர் என்று எமக்குத் தோன்றியது. பரண்மேல் அமர்ந்த சிவனை வணங்கினர். மனத்தை இரதிக்கே கொடுத்தனர்.

விடியலுக்குச் சற்று முன், மலரம்பு பறந்தது. பரணிலிருந்து கயிற்றின் வழியே சீறி வந்த வாணம் கம்பத்தைத் தொட்டதும் வைக்கோல் குபீரெனப் பற்றிக்கொண்டது. தப்பின் ஒலி சட்டென்று நின்றது. தலைவிரி கோலமாய் இரதி தீயைச் சுற்றி ஓடி ஒப்பாரி வைத்தபோது, சாவு வீட்டில் அழுவது போலவே பெண்கள் அழுதனர். மன்மதனின் மனைவி குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு தீயைப் பார்த்தபடி இருந்தார்.

மூன்றாம் நாளும் சென்றிருந்தோம். அன்று காமன் உயிர் பெறுகின்றான். இரதியின் கண்களுக்கு மட்டுமே அவன் தென்படுவான் என்பது இறைவன் அளிக்கும் வரம். சடங்கு சுருக்கமாகவே முடிந்தது. பொட்டும் அரிதாரமும் கழுவிய இளைஞன் அன்று பிற்பகலே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கொழும்புப் பேருந்துக்கு நடந்தான். மனைவியும் பாதை வரை சென்றார்.

இனி, இல்லத்தரசிகளுக்கு ஒரு செய்தி. இறுதி இரவில் அந்தப் பாட்டியின் லயத்தில் எமக்குக் கிடைத்த ரொட்டியும் சம்பலும் நகரத்து விருந்துகளை மறக்கச் செய்தன. நால்வருக்குப் போதுமான அளவைத் தருகின்றோம்.

அரைக் கிலோ கோதுமை மாவுடன் ஒரு தேங்காயின் பாதியைத் துருவிச் சேர்த்து, ஒரு தேக்கரண்டி உப்பிட்டு, முதலில் நீரின்றியே கையால் நன்கு பிசறுக. தேங்காய்ப்பூவின் பால் மாவிலே இறங்க வேண்டும். பின்னர் நீரைச் சிறிது சிறிதாகத் தெளித்து, கையில் ஒட்டாத பதத்திற் குழைத்து, ஈரத்துணியால் மூடி இருபது நிமிடம் வைத்திடுக. எட்டு உருண்டைகளாக்கி, வாழையிலையில் கால் அங்குலத் தடிப்பிற்குத் தட்டி, எண்ணெய் தடவாத சூடான கல்லில் இட்டு, மிதமான நெருப்பில் இருபுறமும் புள்ளி புள்ளியாகச் சிவக்கும்வரை சுடுக. அவசரப்பட்டு நெருப்பைக் கூட்டினால் புறம் கருகி உள்ளே மா வேகாது நிற்கும்.

சம்பலுக்குப் பன்னிரண்டு செத்தல் மிளகாயையும் உப்பையும் அம்மியில் அரைத்து, பதினைந்து சின்ன வெங்காயங்களை அதனோடு ஒன்றிரண்டாக நசுக்கி, மீதிப் பாதித் தேங்காய்ப்பூவைச் சேர்த்து ஒருமுறை இழுத்தெடுத்து, அரைத் தேசிக்காயைப் பிழிந்திடுக. வழக்கமாக இதில் மாசிக் கருவாடும் இடுவர். காமன் கம்பம் நிற்கும் நாள்களில் அது கூடாது. மாசியில் மாசி இல்லை என்று பாட்டி நகைத்தார். குழந்தைகளுக்கு மிளகாயைப் பாதியாகக் குறைத்துக் கொள்க. ரொட்டி ஆறினால் இறுகிவிடும். ஆதலின் கல்லிலிருந்து எடுத்தவுடன், ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு சாயத்தண்ணீருடன் உண்க.