அடுப்புப் புகையும் ஆளற்ற திண்ணையும்

கிராமத்துக் காற்று தூயது, அங்கே முதியவர்கள் தனித்து விடப்படுவதில்லை என்ற இரு நம்பிக்கைகளும் நகரத்தாரிடம் ஆழ வேரூன்றியவை என்றாலும், இந்திய முதியோர் பற்றிய நாடு தழுவிய ஆய்வொன்றின் தொடர்ச்சியாக 2023-இல் வெளியான மதிப்பீடு, மாசும் தனிமையும் மூளையைப் பாதிக்கக்கூடியவை என்பதை நோக்க, அவற்றுக்கு இசைந்ததாக இல்லை. நினைவும் மொழியும் முடிவெடுக்கும் திறனும் அன்றாட வாழ்வைக் குலைக்குமளவுக்குத் தேய்ந்துபோகும் மறதிநோய், அறுபது வயதைக் கடந்தோரில் 7.4 விழுக்காட்டினருக்கு இருப்பதாக அது கணித்தது, நகரத்தில் 5.3 ஆக இருந்த அந்த விழுக்காடு கிராமத்தில் 8.4 ஆகவும், ஆண்களிடம் 5.8 ஆக இருந்தது பெண்களிடம் 9 ஆகவும் உயர்ந்து நின்றது.

இவ்வேறுபாட்டின் பெரும்பங்கு பள்ளிப்படிப்பு கிட்டாமையைச் சாரும் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் பல்லாண்டுகள் விறகும் வறட்டியும் எரித்துச் சமைத்த பெண்களின் நுரையீரலுக்குள் சென்றது என்ன என்ற கேள்வியையும் தள்ளிவிட இயலாது. தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவான, 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட நுண்துகள்கள் மூச்சுச் சிற்றறைகள்வரை இறங்குகின்றன. அவற்றிலும் மிக நுண்ணியவை குருதியில் கலக்கின்றன, சில மூக்கின் மோப்ப நரம்பு வழியாக மூளையை எட்டவும் கூடும். அங்கே அவை தூண்டும் அழற்சி, அதாவது உடலின் தற்காப்பு அணி ஓயாமல் போரிடும் நிலை, நரம்பணுக்களையும் நுண்ணிய இரத்தக் குழாய்களையும் சிதைப்பதாகக் கருதப்படுகிறது. மெக்சிகோ நகரத்திலும் மான்செஸ்டரிலும் வாழ்ந்து மறைந்தோரின் மூளைகளில், உயர்வெப்ப எரிதலில் உருவாகும் வகையான மாக்னடைட் என்னும் இரும்பு ஆக்சைடுத் துகள்கள் இருந்ததை 2016-இல் ஆய்வாளர்கள் கண்டனர்.

தனிமையின் வழி வேறு. உரையாடல் என்பது பிறர் சொல்வதைக் கேட்டு, பொருள் கொண்டு, பழையதை நினைவுகூர்ந்து, தக்க விடையைத் தேடும் கடும் மூளை உழைப்பாதலால், பேச ஆளற்றுப்போன முதியவர் அந்த அன்றாடப் பயிற்சியை இழக்கிறார். சோர்வும் உறக்கக் குறைவும் உடன் சேர்கின்றன. சோர்ந்தவர் பேச்சைக் குறைத்துக்கொள்வதும் உண்டு என்பதால், இங்கே எது காரணம், எது விளைவு என்று பிரிப்பது எளிதன்று. உலகளவில் சமூகத் தனிமையைப் போக்கினால் மறதிநோயில் ஏறத்தாழ 5 விழுக்காட்டையும் காற்று மாசைப் போக்கினால் 3 விழுக்காட்டையும் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்பது லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-இல் தந்த கணக்கு.

ஏட்டில் தனித்தனிக் காரணிகளாக நிற்கும் இவ்விரண்டும், பிள்ளைகள் பிழைப்புத் தேடி நகரம் சென்றுவிட, எரிவாயு உருளையை மீண்டும் நிரப்பப் பணமின்றி விறகடுப்புக்கே திரும்பும் மூதாட்டியின் வீட்டில் ஒன்றாகவே குடியிருக்கின்றன. இந்தியாவில் 2019-இல் தொடங்கப்பட்ட தேசியத் தூய காற்றுத் திட்டமோ பெரிதும் நகரங்களை நோக்கியே வகுக்கப்பட்டது.