நாய் இருந்தால் வீடு இல்லை! சென்னையில் குடித்தனக்காரர்கள் திண்டாட்டம்

சென்னையில் கட்டுப்படியாகும் வாடகையில் வீடு கிடைப்பதே குதிரைக்கொம்பு. கூடவே நாயும் இருந்தால் கேட்கவே வேண்டாம்! "நாயா? வேற இடம் பாருங்க" என்று கதவைச் சாத்துகிறார்கள். "சங்கம் ஒத்துக்காது சார்" என்று புரோக்கரும் கைவிரிக்கிறார். வேறு வழியின்றி, வளர்த்த நாயைத் தெருவில் விட்டுவிட்டுக் குடிபோகிறவர்களும் உண்டு.

சங்கத்துக்கு அதிகாரம் இல்லை!

அடுக்குமாடி குடியிருப்போர் சங்கங்கள் நாய் வளர்க்கத் தடை போடக்கூடாது, லிப்டில் ஏற்ற மறுக்கவும் கூடாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் அறிவுறுத்தியது.

வீட்டுக்காரர் விஷயம் வேறு. "பிராணி கூடாது" என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் மாட்டிக்கொள்வீர்கள்! தமிழக வாடகைச் சட்டம்-2017 எழுத்து ஒப்பந்தத்தைத்தான் கேட்கிறது. வாய்ப்பேச்சை நம்பாதீர்கள். அட்வான்ஸ் கொடுக்குமுன் "நாய் வளர்க்கலாம்" என்று எழுதி வாங்குங்கள். மாநகராட்சி லைசென்சு, வெறிநாய்த் தடுப்பூசிச் சீட்டு இரண்டையும் காட்டினால் வீட்டுக்காரர் மனம் இளகினாலும் இளகும்!