கடலோரத்தில் கைப்பேசி

ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கொசஸ்தலையாற்றின் முகத்துவாரம். எங்கள் நெட்டுக்குப்பத்தில் காற்றே உப்புக் கரிக்கும். சைக்கிள் செயினைத் தின்னும் அந்த உப்பு கைப்பேசியையும் விட்டுவைப்பதில்லை.

கடல்நீரில் விழுந்த போனை எடுத்ததும் நாம் செய்யும் முதல் தவறு, வேலை செய்கிறதா என்று பொத்தானை அழுத்திப் பார்ப்பதுதான். உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்தும். மின்னோட்டம் இருந்தால் உள்ளேயுள்ள உலோகம் வெகுவிரைவில் அரிக்கப்படும். ஆகவே உடனே அணைத்துவிட வேண்டும், சார்ஜ் போடவே கூடாது. துணியால் துடைத்து, சார்ஜ் துளை கீழ்நோக்கியிருக்க மெல்லத் தட்டி, காற்றோட்டத்தில் வைக்கலாம். நீர் காய்ந்தாலும் உப்பு உள்ளேயே தங்கிவிடுமாதலால், பழுது பார்ப்பவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்வது அவசியம்.

அரிசிப் பானையில் புதைக்கலாமா? வேண்டாம். அரிசித் துகள் போனைக் கெடுக்கும் என்று 2024-இல் ஆப்பிள் நிறுவனமே எச்சரித்தது. (எங்கள் பாட்டிமார் இதை ஒப்புக்கொள்வதாயில்லை!)

கடலுக்குச் செல்லும் அப்பாக்களுக்கும் ஒரு செய்தி. கரையைவிட்டு வெகுதூரம் சென்றால் சிக்னல் கிடைக்காது. ஆனால் ஜி.பி.எஸ். செயற்கைக்கோளிலிருந்து வருவதால் அங்கும் இருப்பிடம் காட்டும். வரைபடத்தை மட்டும் கரையிலேயே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் பல பகுதிகளில் மின்சாரம் நின்றது. புயல் எச்சரிக்கை வந்தவுடனேயே போனை முழுதும் சார்ஜ் செய்து, திரை வெளிச்சத்தைக் குறைத்து, சினிமாப் பாட்டை நிறுத்திவிட வேண்டும். சிக்னல் எட்டும் தூரத்தில் படகு தத்தளித்தால், கடலோரக் காவல் படையின் 1554-ஐ அழைக்க அந்தச் சார்ஜ்தான் மிஞ்சியிருக்கும்.